டிராக் நாளுக்கு ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜின் ஆயிலைத் தயார்செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த பிராண்டு ஆயில் நல்லது? டிராக் நாளில், அதாவது பந்தயச் சுற்றில் சொந்தக் காரை ஓட்டும் நாளில், கிளம்புகிறவர்கள் எடுத்தவுடன் கேட்கும் கேள்வி இது. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ கேட்கவேண்டிய கேள்வி. சுற்றில் ஆயில் கோளாறால் கெட்டுப்போகும் என்ஜின்கள், டப்பாவில் அச்சடித்த பெயரால் கெடுவது அபூர்வம். ஆயில் அரை லிட்டர் குறைவாக இருந்ததாலும், சூடு எல்லை மீறியதை யாரும் பார்க்காததாலும்தான் கெடுகின்றன. இந்த வழிகாட்டியில் அளவுக்கும் சூட்டுக்கும் நிறைய இடம் கொடுத்து, பிராண்டுக்குக் கொஞ்சமே கொடுத்திருப்பது அதனால்தான்.

இது பந்தயத்துக்கென்றே கட்டிய கார்களுக்கு அல்ல. வார நாளில் அலுவலகத்துக்கும், விடுமுறையில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயச் சுற்றுக்கோ கோவை செட்டிபாளையத்தின் கரி ஸ்பீடுவேக்கோ போகும் கார்களுக்கு. போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ், கோல்ஃப் ஜிடிஐ, பிஎம்டபிள்யூ எம்2, போர்ஷே கேமேன் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

சுற்றில் ஆயிலுக்கு நேர்வது என்ன?

சாலையில் என்ஜின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்குக் கீழேயே காலம் தள்ளுகிறது. சுற்றில் கால் மணி நேரம் விடாமல் 5,000க்கும் 7,000க்கும் நடுவே கத்துகிறது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு அதன் பேரிங்குகளின் மேல் நேரடியாக உட்காருவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்வதில்லை. படலம் அறுந்தால், உச்ச வேகத்தில் ஓரிரு விநாடி போதும், பேரிங் போய்விடும்.

படலம் அறுவதற்கு வழிகள் மூன்று. ஆயில் சூடேறி நீர்த்துப்போவது ஒன்று. ஆயிலில் காற்று கலந்து நுரைப்பது இன்னொன்று. பம்ப் உறிஞ்சும் இடத்தைவிட்டு ஆயிலே நகர்ந்துபோவது மூன்றாவது. முதல் இரண்டையும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மூன்றாவதுதான் ஆளை விழுங்குவது.

கணக்கு எளிது. நல்ல டயர் போட்ட கார் ஒரு வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான விசையோடு, அதாவது 1 ஜி-யில் திரும்பும்போது, சம்ப்பில், அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியில், உள்ள ஆயிலின் மேற்பரப்பு சரியாக 45 டிகிரி சாய்கிறது. சம்ப் 30 செ.மீ. அகலம் என்றால் ஒரு சுவரில் ஆயில் 15 செ.மீ. ஏறவும் எதிர்ச்சுவரில் 15 செ.மீ. இறங்கவும் பார்க்கிறது. சம்ப்பில் அவ்வளவு ஆழம் கிடையாது. ஆகவே ஒரு பக்கம் தரை தெரிய, மறுபக்கம் ஆயில் சுவரேறி கிராங்க் சுழலும் இடத்துக்கே போய்விடுகிறது. நடுவில் இருக்கும் உறிஞ்சுகுழாய் அந்த நேரத்தில் காற்றைக் குடிக்கிறது. இளநீர் தீரும்போது ஸ்ட்ராவில் கேட்கும் சத்தம் நினைவிருக்கிறதா, அதுதான் பம்ப்புக்குள் நடக்கிறது. உங்களுக்குத்தான் கேட்காது.

குறுகிய வளைவில் இது கண நேரத்தில் சரியாகிவிடும். நீண்ட வளைவுதான் ஆபத்து. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசச் சுற்றில் பத்தாவது திருப்பத்தில் தொடங்கும் வலது வளைவு முடிவில்லாமல் நீளும். ஆயில் அத்தனை நேரமும் இடது பக்கம் ஒட்டிக்கிடக்கும். 3.717 கி.மீ. நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைச் சுற்றிலும் வேகமான வளைவுகளுக்குக் குறைவில்லை. போர்ஷே, சுபாரு கார்களில் இருப்பதுபோல சிலிண்டர்கள் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் என்ஜினில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளிப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்குள் (சிலிண்டரை மூடும், வால்வுகள் இருக்கும் பகுதி) ஆயில் போய்த் தேங்கி, சம்ப்புக்குத் திரும்பி வரத் தாமதிக்கும்.

முதல் படி: ஒரு வாரம் முன்பே ஆயிலைத் தேர்ந்தெடுங்கள்

காரின் கையேட்டை எடுங்கள். அதில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று 5டபிள்யூ-40 போன்ற கிரேடு. மற்றது ஃபோக்ஸ்வாகன் 502 00, போர்ஷே ஏ40 போன்ற தயாரிப்பாளர் அங்கீகாரம். டப்பாவின் பின்பக்கம் அந்த அங்கீகாரம் எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். ‘பொருந்தும்’, ‘ஏற்றது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அது அங்கீகாரம் அல்ல.

கிரேடில் டபிள்யூ எழுத்துக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுவது. சென்னையிலும் கோவையிலும் 0, 5, 10 என்ற வேறுபாட்டுக்காகத் தூக்கம் கெடவேண்டியதில்லை. பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். அது 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது. ஆனால் சுற்றில் ஆயில் 100 டிகிரியில் நிற்பதில்லை. 130க்குப் போகும்போது பாகுத்தன்மை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆகவே இன்னோர் அளவையும் பாருங்கள்: எச்டிஎச்எஸ். 150 டிகிரியில், கடுமையான உராய்வு அழுத்தத்தில் ஆயில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று சொல்லும் எண் இது. டப்பாவில் இருக்காது, தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காக வந்த 0டபிள்யூ-20 ஆயில்களுக்கு இது 2.6 இருந்தால் போதும் என்பது விதி. 502 00, ஏ40 போன்ற பழைய, தடித்த அங்கீகாரங்கள் குறைந்தது 3.5 கேட்கின்றன. சுற்றில் இந்த வித்தியாசம்தான் பேரிங்கைக் காப்பது.

கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடை அனுமதித்தால், டிராக் நாளுக்கு அவற்றில் தடித்ததை எடுங்கள். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் சரி என்றால் 40. ஆனால் அனுமதிக்காத கிரேடுக்குத் தாவாதீர்கள். பழைய பிஎம்டபிள்யூ எம்3 என்ஜினுக்கு 10டபிள்யூ-60 என்று கேள்விப்பட்டு அதைத் தன் டர்போ ஹேட்ச்பேக்கில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த என்ஜினுக்கு அந்த ஆயிலைச் சொன்னது அதன் தயாரிப்பாளர். உங்கள் என்ஜினின் பேரிங் இடைவெளி வேறு. மிதமிஞ்சித் தடித்த ஆயில் அங்கே மெதுவாக ஓடி, உராய்வால் தானே சூடேறும். ஆயில் அழுத்தத்தை நம்பி இயங்கும் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகங்களும் தடுமாறும்.

மேலே ஊற்றும் ‘அற்புத’ மருந்துகள் எதுவும் வேண்டாம். நல்ல ஆயிலின் சேர்மானங்களை வேதியியலாளர்கள் கணக்குப்போட்டுக் கலந்திருக்கிறார்கள். அதில் புட்டியைக் கவிழ்ப்பது அந்தக் கணக்கைக் குலைப்பது மட்டுமே. டப்பாவை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள், பில்லோடு. போலி ஆயில் நம் சந்தையில் இல்லாத பொருள் அல்ல.

இரண்டாம் படி: ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்

டிராக் நாளுக்கு முந்தின இரவு செய்யும் வேலையல்ல இது. மாற்றியபின் குறைந்தது நாற்பது, ஐம்பது கிலோமீட்டராவது சாலையில் ஓட்டிக் கசிவு பார்க்க அவகாசம் வேண்டும். ஓட்டிவிட்டு, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது காரைச் சமதளத்தில் நிறுத்தி வடியுங்கள். கொதிக்கும் சூட்டில் வேண்டாம், கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது. புதியது சில ரூபாய்தான், மாற்றிவிடுங்கள். போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்காமல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். பல கார்களில் சம்ப் அலுமினியத்தால் ஆனது. அதிகம் இறுக்கினால் மரை போய்விடும்.

உருளை வடிவ ஃபில்டரைக் கழற்றும்போது ஒரு பத்து விநாடி செலவிட்டே ஆகவேண்டும். பழைய ஃபில்டரின் அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் அது என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். கறுப்பு முகத்தில் கறுப்பு வளையம், கண்ணுக்குத் தெரியாது. விரலால் சுற்றித் தடவினால் மேடு தட்டுப்படும். அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டு இறுக்கினால் வீட்டு வாசலில் ஒரு சொட்டுகூடக் கசியாது. சுற்றில் 6,000 சுழற்சியில் முழு அழுத்தம் வந்ததும் இரட்டை வளையம் பிதுங்கி, அத்தனை ஆயிலும் பாதையில் கொட்டும். உங்கள் பின் டயர் முதலில் வழுக்கும். அடுத்து வருகிறவர் தடுப்பில் போய் மோதுவார். சிவப்பு நெடுக்குக் கோடுகள் போட்ட மஞ்சள் கொடியைச் சுற்றோரம் நிற்கும் பாதுகாப்புப் பணியாளர்களான மார்ஷல்கள் ஆட்டுவது இப்படிப்பட்ட வழுக்கலை எச்சரிக்கத்தான்.

புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிப் பொருத்துங்கள். ஃபில்டர் மட்டும் கார் தயாரிப்பாளருடையதாகவோ அதற்கு இணையானதாகவோ இருக்கட்டும். இருநூறு ரூபாய் மிச்சம்பிடிக்க இது இடமல்ல. ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அழுத்த விளக்கு அணைந்ததும் நிறுத்தி, கீழே குனிந்து பாருங்கள்.

மூன்றாம் படி: அளவு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியில், கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். சாலைக்கு இந்த இரண்டு கோட்டுக்கு நடுவே எங்கே இருந்தாலும் பாதகமில்லை. சுற்றுக்கு அப்படியல்ல. ஐந்து லிட்டர் கொள்ளும் என்ஜினில் ஒரு லிட்டர் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஓடும்போது மேலே ஹெட்டிலும் குழாய்களிலும் சுற்றிக்கொண்டிருப்பதைக் கழித்தால் சம்ப்பில் மிஞ்சுவது கொஞ்சமே. 45 டிகிரி சாயும்போது அந்தக் கொஞ்சம் உறிஞ்சுகுழாய்க்கு எட்டாது. ஆகவே மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும், ஒவ்வொரு முறையும்.

அளக்கும் முறை: என்ஜின் நன்றாகச் சூடேறியபின் சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து, குச்சியைத் துடைத்து, முழுக்க நுழைத்து எடுத்துப் பாருங்கள். குச்சியின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, குறைவாகக் காட்டும் பக்கத்தை நம்புங்கள். பேடாக்கின், அதாவது ஓட்டங்களுக்கு நடுவே கார்கள் நிற்கும் இடத்தின், தரை பல இடங்களில் சமமாக இருக்காது. காலையிலேயே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அன்று முழுதும் அதே இடத்தில், அதே திசையில் நிறுத்தி அளந்தால் குறைந்தது ஒப்பிடவாவது முடியும்.

குச்சியே இல்லாமல் திரையில் மட்டும் அளவு காட்டும் கார்கள் இப்போது அதிகம். சூடான என்ஜின், சமதளம் என்ற நிபந்தனைகள் நிறைவேறாதவரை அவை வாய் திறக்காது. ஆகவே மைதானத்துக்கு வந்து சேர்ந்த சூட்டிலேயே அளந்துவிடுங்கள். டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு) உள்ள பல போர்ஷே 911களில் முறையே தலைகீழ்: என்ஜின் சூடாக, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கவேண்டும். கையேட்டைப் பார்க்காமல் பொதுவிதியை அங்கே பொருத்தினால் ஒன்றிரண்டு லிட்டர் அதிகமாக ஊற்றிவிடுவீர்கள்.

அதிகம் ஊற்றுவதும் பாதுகாப்பு அல்ல. மட்டம் கிராங்க்கை எட்டினால் அது ஆயிலைக் கடைந்து நுரைக்கவைக்கும். நுரை பம்ப்புக்குள் போனால் அழுத்தம் விழும். மிச்சம் காற்றோட்டக் குழாய் வழியாக என்ஜினுக்குள் போய் நீலப் புகையாக வரும். சுற்றுக்குப் போகும்போது கொஞ்சம் கூடுதலாக ஊற்றச் சொல்லும் கையேடுகளும் உண்டு. உங்கள் கையேடு சொன்னால் செய்யுங்கள். நண்பர் சொன்னதற்காகச் செய்யாதீர்கள்.

குச்சியை எடுத்த கையோடு முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் நெடி தூக்கலாக இருந்தால், குறுகிய தூரப் பயணங்களில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பாய்ச்சும் டர்போ என்ஜின்களில் இது சகஜம். ஆயில் மட்டம் ‘குறையவே இல்லை’ என்று மகிழ்கிறவர்கள் சிலரின் ரகசியமும் இதுதான்: குறைந்த ஆயிலின் இடத்தில் பெட்ரோல். அப்படியானால் ஆயிலை மாற்றிவிட்டுப் போங்கள். பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் குளிர்விப்பு நீர் கலக்கிறது என்று சந்தேகப்படவேண்டும். காரணம் தெரியும்வரை சுற்றுப் பக்கம் போகவேண்டாம்.

அதே ஆயிலில் இரண்டு லிட்டர், புனல், நூல் உதிராத துணி, டார்ச். இவை பையில் இருக்கட்டும்.

நான்காம் படி: முதல் சுற்றில் பொறுமை

மீட்டரில் தெரியும் வெப்பநிலை பெரும்பாலும் குளிர்விப்பு நீருடையது. அது 90ஐத் தொட்டு முள் நடுவில் நிற்கும்போது ஆயில் இன்னும் 60இல் இருக்கலாம். திரை மெனுவில் ஆயில் வெப்பநிலை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி கருவி சில கார்களில் காட்டும். ஆயில் 80 டிகிரி தாண்டும்வரை 3,500 சுழற்சிக்கு மேல் போகாதீர்கள். பிட்டில் (சுற்றோரம் கார்கள் நிற்கும் பகுதி) நின்றுகொண்டு ஐடிலில் சூடேற்றுவது வீண். மெதுவாக ஓட்டினால்தான் எல்லாப் பாகமும் சேர்ந்து சூடேறும்.

ஐந்தாம் படி: ஓடும்போது எதைப் பார்ப்பது?

ஆயில் 100 முதல் 120 டிகிரிக்குள் இருந்தால் கவலையின்றி ஓட்டலாம். 130ஐ நெருங்கினால் ஒரு கியர் மேலே போட்டுச் சுழற்சியைக் குறையுங்கள். ஆயிலைச் சூடாக்குவதில் சுழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 140ஐ எட்டவிடாமல், ஒரு சுற்று மெதுவாக ஓட்டி என்ஜினைக் குளிர்வியுங்கள். நல்ல செயற்கை ஆயில் 140இல் உடனே பாழாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது சம்ப்பில் அளந்த சூடு. பேரிங்குக்குள் அதைவிட அதிகம். சென்னை வெயிலில் பகல் பன்னிரண்டு மணி ஓட்டத்தைப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு மானக்கேடும் இல்லை.

அழுத்த மீட்டர் இருந்தால் பழைய மெக்கானிக்குகளின் கணக்கு இன்னும் பயன்படும்: சூடான நிலையில் ஒவ்வோர் ஆயிரம் சுழற்சிக்கும் 10 பிஎஸ்ஐ அழுத்தம் (பிஎஸ்ஐ, பார் இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்). பம்ப்பைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய என்ஜின்களில் இதற்கும் குறைவாக இருப்பது இயல்பு, ஆகவே உங்கள் காரின் வழக்கமான எண்ணைப் பழகிக்கொள்ளுங்கள். மொத்த எண்ணைவிட, வளைவின் நடுவில் முள் விழுகிறதா என்பதே முக்கியம். விழுந்தால் காற்றைக் குடிக்கிறது என்று பொருள். அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

சிவப்பு ஆயில் விளக்கைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. அது எச்சரிக்கை விளக்கு அல்ல, இறுதி அறிவிப்பு. பல கார்களில் அழுத்தம் அரை பார், அதாவது ஏழு பிஎஸ்ஐ அளவுக்கு விழுந்த பிறகுதான் அது எரியும். ஐடிலில் அது பொருத்தமான எல்லை. 6,000 சுழற்சியில் மிகமிகத் தாமதம். எரிந்தால் கிளட்ச்சை மிதித்து அல்லது நியூட்ரலில் போட்டு, பந்தயக் கோட்டை விட்டு ஓரம் ஒதுங்கி, கார் நேராக உருளும்போது என்ஜினை நிறுத்துங்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை முழுக்கத் திருப்பவேண்டாம். பிரேக்குக்கு ஓரிரண்டு மிதிக்கான உதவிதான் மிச்சமிருக்கும். ‘பிட்வரை மெதுவாகப் போய்விடலாம்’ என்ற எண்ணம்தான் பேரிங் மாற்றும் செலவை முழு என்ஜின் செலவாக்குவது.

ஆறாம் படி: திரும்பி வந்தபின்

கடைசிச் சுற்றை எப்போதும் மெதுவாக, மேல் கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். டர்போ காரில் இது கட்டாயம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுழற்சிக்கு மேல் சுற்றியிருக்கும். அந்தச் சூட்டில் என்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, தங்கியிருக்கும் ஆயில் கருகிக் கரியாகப் படியும். பேடாக் வந்தபின் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் நல்லது.

பிறகு போனட்டைத் திறந்து, அளவெடுத்து, காரின் அடியில் பாருங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையில் இதைச் செய்யவேண்டும், நாளுக்கு ஒருமுறை அல்ல. காலையில் மேல்கோட்டில் இருந்தது மதியம் கால் பங்கு இறங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. ஊற்றிச் சமன்செய்துவிட்டு, எவ்வளவு ஊற்றினோம் என்று எழுதிவையுங்கள். அடுத்தடுத்த நாள்களில் அந்த எண் கூடிக்கொண்டே போனால் என்ஜின் ஏதோ சொல்ல வருகிறது.

ஏழாம் படி: மீண்டும் எப்போது மாற்றுவது?

சாலைக்குச் சொல்லும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கி.மீ. கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டு டிராக் நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என் பரிந்துரை. ஆயில் வெப்பநிலை 130ஐத் தாண்டிய நாள் என்றால் அந்த ஒரு நாளுக்குப் பிறகே மாற்றிவிடலாம். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கறுத்த ஆயில் அழுக்கைச் சுமக்கும் தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழற்றிய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மிக நுண்ணிய மினுமினுப்பு கொஞ்சம் இருக்கலாம். நகத்தில் தட்டுப்படும் துகள் இருக்கக்கூடாது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மின்னினால் பேரிங்கைச் சந்தேகிக்கவேண்டும். வசதியுள்ளவர்கள் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; சிலிக்கான் கூடியிருந்தால் காற்று ஃபில்டர் வழியாகத் தூசி, சோடியமோ பொட்டாசியமோ கூடியிருந்தால் குளிர்விப்பு நீர்க் கசிவு என்பது போன்ற விவரங்கள் கிடைக்கும். ஒரே அறிக்கையைவிட வரிசையாக நான்கு அறிக்கைகள் அதிகம் பேசும்.

மாற்றங்கள் செய்வதானால்

முதலில் ஆயில் அழுத்தம், வெப்பநிலை காட்டும் மீட்டர்கள். எது குறை என்று தெரியாமல் பாகம் வாங்குவது வீண்செலவு. சூடு பிரச்சினை என்றால் ஆயில் கூலர், அதுவும் ஆயில் சூடேறிய பிறகே அதைக் கூலருக்குள் விடும் தெர்மோஸ்டாட் உள்ளது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் சாலையில் ஆயில் சூடேறவே செய்யாது. வளைவில் அழுத்தம் விழுகிறது என்றால் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள். செமி ஸ்லிக் டயர் (பள்ளங்கள் குறைந்த, பிடிப்பு மிகுந்த டயர்) போடுகிறவர்கள் இதை டயரோடு சேர்த்தே யோசிக்கவேண்டும். பிடிப்பு கூடக்கூட ஆயிலின் சாய்வும் கூடும். அழுத்தத்தோடு ஆயிலைச் சேமித்துவைத்து, விழும் நேரத்தில் கொடுக்கும் அக்யுமுலேட்டர் அதற்கடுத்த கட்டம். டிரை சம்ப் மாற்றம் பந்தயக்காரர்களுக்கு; வார இறுதி ஓட்டுநருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ வெற்று நிலத்திலோ ஊற்றக்கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய ஆயிலை அந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் சர்வீஸ் மையத்திடம் ஒப்படையுங்கள். காலி டப்பாவைப் பழைய பிளாஸ்டிக்கோடு போடுமுன் இரண்டு இடத்தில் துளையிட்டு, லேபிளைக் கிழித்துவிடுங்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அசல் டப்பாதான்.